கிற்றார் வகுப்பும் ஒரு மாணவனின் கேள்வியும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒரு மாலை, கிற்றார்ப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பத்தாந் தரத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவன் எதிரே வந்தான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு எவ்விதக் குத்தலும் இன்றி, வெறும் வியப்போடு கேட்டான்:

"சேர், நீங்களும் ரியூசனுக்குப் போறனீங்களோ?"

"ஓம்" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவனும் ஒரு ரியூட்டரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.

அக்கேள்வி என்னை ஏன் சுட்டது என்பதை விளங்கிக்கொள்ள வாசகர் ஒரு செய்தியை அறிதல் வேண்டும். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இப்பதினொரு ஆண்டுகளில் ஒரு நாளேனும் கூலிக்குத் தனிவகுப்பு எடுத்ததில்லை. எடுக்கும்படி கேட்டு வந்த பெற்றோரைத் திருப்பியனுப்பியிருக்கிறேன். சங்கக் கூட்டங்களிலே இதுபற்றி உரத்துப் பேசியுமிருக்கிறேன். 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டு மக்கள் பெற்ற இலவசக் கல்வியை, மாலை நான்கு மணிக்குப் பின் மணித்தியாலக் கணக்கில் அவர்களுக்கே விற்கும் வியாபாரம் என்று அதனைச் சாடியிருக்கிறேன். அப்படிப் பேசிய அதே மனிதன்தான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், முதிய பறங்கிய ஆசிரியர் ஒருவரின் வீட்டு மணியை அழுத்துகிறான். மாதம் நான்கு வகுப்புகள். கட்டணம் மாத ஆரம்பத்திலேயே.

சமாதானங்கள் சொல்ல எனக்குத் தெரியாமலில்லை. கலை வேறு, பரீட்சை வேறு. நான் வளர்ந்தவன், செலவழிப்பது என் உழைப்பில் வந்த காசு. செவ்வியல் கிற்றார் வாசிக்கப் பழகுவதால் எந்த ஏழைப் பிள்ளையின் பல்கலைக்கழக இடத்தையும் நான் தட்டிப் பறிக்கப்போவதில்லை. (அத்துறையிலும் பரீட்சைப் பேய் இல்லாமலில்லை. இலண்டனிலிருந்து நடத்தப்படும் எட்டுப் படிப் பரீட்சைகளில் மாணாக்கர் பெற்ற சான்றிதழ்களின் படிகள் என் ஆசிரியரின் முன்கூடத்துச் சுவரிலே சட்டமிடப்பட்டுத் தொங்குகின்றன. அவற்றுக்கும் எனக்கும் தொடர்பில்லை.) இவையெல்லாம் உண்மைதான். ஆனால், ஒரு செயலுக்காகச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தும் அச்செயல் நியாயமற்றதாக இருந்துவிடலாம். ஓர் ஆசிரியருடைய ஒரு மணி நேரம் முழுவதையும் ஒருவனே எடுத்துக்கொள்வது எந்த உரிமையினால்? அவ்வுரிமையைப் பணம் தருகின்றதெனில், பணத்தினால் வரும் வேறு உரிமைகளை எதிர்க்கும் நாம் இதனை மட்டும் எவ்வாறு ஏற்றோம்?

விடை தேடுமுன், அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். இக்கருவியை நேரிற் பழகாதவர்கள் அதனை ஏதோ மேல்நாட்டுச் சொகுசு என்று எண்ணிவிட இடமுண்டு.

இடக்காலைச் சிறிய மணையொன்றின் மீது உயர்த்தி வைத்து, இடத் தொடையிற் கருவியை இருத்தவேண்டும். தந்திகள் ஆறு, மேலே மூன்று மந்தரத் தந்திகள், கீழே மூன்று மெல்லிய நைலோன் தந்திகள். வலக்கை விரல்களின் நகத்தைச் சிறிது வளர்த்து, அதன் விளிம்பை அரத்தினால் தேய்த்து மென்மையாக்கவேண்டும். நகமும் தசையும் ஒன்றாகத் தந்தியிற் படும்போதுதான் நல்ல நாதம் பிறக்கிறது. மந்தரத் தந்திகள் பெரும்பாலும் கட்டைவிரலின் பொறுப்பு; மற்றவை சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் பொறுப்பு. சின்னவிரலுக்கு வலக்கையில் வேலையில்லை. இவ்வளவையும் ஒரு புத்தகத்திலிருந்தே படித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் ஆறு மாதங்கள் முயன்றேன்.

வகுப்புத் தொடங்கி இரண்டு மாதங்களின் பின், பெர்னாண்டோ சோர் தொடக்க மாணாக்கருக்கென எழுதிய சிறு பயிற்சிகளுள் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் தந்தியைத் தொடும் இடங்களிலெல்லாம் ஓசை அடைபட்டு, மண்பானையைத் தட்டினாற்போல விழுந்தது. நகத்தைச் சந்தேகித்தேன், தந்தியைச் சந்தேகித்தேன், மலிவான கருவி என்று கடைக்காரரையும் சந்தேகித்தேன். ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. எழுந்து என் பின்னால் வந்து நின்று, தமது இரண்டு விரல்களை என் வலத் தோளின்மேல் வைத்தார். "இன்னும் ஒருமுறை" என்றார். வாசித்தேன். கட்டைவிரல் அசைவதற்கு ஒரு கணம் முன்பாக என் தோள் மேலெழுவதை அவ்விரல்களின் கீழே உணர்ந்தேன். தோளைத் தளர்த்தி வாசித்தபோது ஓசை திறந்துகொண்டது.

முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் சுமந்து திரியும் தோள் அது. அது உயர்கிறது என்பதை நான் அறியேன். எந்தப் புத்தகமும் அதனை எனக்குச் சொல்லியிருக்க முடியாது. ஏனெனில், புத்தகம் எழுதியவர் என் தோளைக் கண்டதில்லை. குற்றம் உடையவனுக்கே தெரியாத குற்றங்கள் சில உண்டு. அவற்றைக் காண இன்னொரு மனிதன் அருகிலிருந்து, வேறெதையும் பாராமல், பொறுமையாகப் பார்க்கவேண்டும். ஆசிரியரின் முழுக் கவனம் இத்தொழிலில் ஆடம்பரமன்று. கைவினை கற்றுக்கொடுக்கும் எல்லாத் தொழில்களையும் போல, இத்தொழிலின் இயல்பே அது. தச்சுப் பட்டறையில் உளி பிடிக்கப் பழகிய எவரையும் கேட்டுப் பாருங்கள்.

அன்று வீடு திரும்பும்போது எனக்கேற்பட்ட உணர்ச்சி மகிழ்ச்சி மாத்திரமன்று. என்னை ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என எண்ணினேன். அடுத்த கணமே, நான் யாரையேனும் அவ்வாறு பார்த்ததுண்டா என்ற எண்ணம் வந்தது. என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்; பாடவேளை நாற்பது நிமிடம். கணக்குச் சொல்லத் தேவையில்லை.

இக்கருவியின் வரலாற்றைப் பார்த்தால், இந்தத் தனி அறைக்குள் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்பது தெரியவரும். சோர் 1778இல் பார்சலோனாவிற் பிறந்தவர். நெப்போலியனின் படைகள் ஸ்பெயினிலிருந்து பின்வாங்கிய 1813ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆட்சியோடு ஒத்துழைத்த மற்றவர்களோடு அவரும் நாட்டை விட்டு வெளியேறினார். பாரிஸிலும் இலண்டனிலும் கழிந்த அகதி வாழ்க்கையில் அவருக்குச் சோறுபோட்டவற்றுள் தனிப்பாடமும் ஒன்று. 1830இல் வெளிவந்த அவரது கிற்றார்ப் போதனை நூலும், இன்றும் உலகெங்கும் தொடக்க மாணாக்கர் வாசிக்கும் பயிற்சிகளும் அவ்வாழ்க்கையின் விளைபொருள்கள். நாடிழந்த ஒருவரின் வயிற்றுப்பாட்டிலிருந்து இவ்வளவு அழகு பிறந்திருக்கிறதென்பதை எண்ணும்போது, தனிப்பாடம் என்றதும் முகஞ்சுளிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால், அதே நூற்றாண்டின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இலண்டனில் 1895இல் காலமான கதரீனா பிராட்டன் அம்மையார் பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்குக் கிற்றார் கற்பித்தவர். விக்டோரியா மகாராணியின் மகளும் அவரது மாணவியருள் ஒருவர். அம்மையார் திறமைமிக்க கலைஞர் என்பதிற் சந்தேகமில்லை. ஆயினும், வழக்கமான சுருதியமைப்பைக் கைவிட்டு, வெறுந் தந்திகளைத் தடவினாலே இனிய ஒலி எழும்படி தந்திகளைக் கூட்டி வாசிக்கும் இலகுவான முறைக்கும் அவர் போதனை நூல் வெளியிட்டார். வரவேற்பறையில் விருந்தினர் முன் சிறிது நேரம் வாசித்துக் காட்டினாற் போதும் என்றிருக்கும் செல்வ மாணவிக்கு அதைவிட வசதி வேறென்ன? பணம் கொடுப்பவனின் விருப்பத்துக்கேற்பப் பாடமே வளைந்துகொடுப்பதை நாம் நம் ரியூட்டரிகளிற் காணாததா? அங்கே வளைவது சுருதி. இங்கே "எதிர்பார்க்கை வினாக்கள்".

மேல்நாட்டாரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நன்னூலைப் பாடங்கேட்டவர்களுக்கு இது தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர், நூலைக் கற்பிக்கத் தகுந்தவர் யாவர் என்று ஒரு பட்டியல் தருகிறார். தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபாடு செய்பவன், சொன்னதைச் சொன்னவுடன் பற்றிக்கொள்ளும் திறனுடையவன் என அறுவர். பல்கலைக்கழகத்திற் படித்த காலத்தில் இச்சூத்திரத்தைப் புள்ளிகளுக்காக மனனம் செய்து ஒப்புவித்தேன். ஆசிரியனான பிறகு ஒருமுறை அதனைப் படித்தபோது, ஏழையின் மகன், அதுவும் சராசரிப் புத்தியுடையவன், எந்தக் கதவால் உள்ளே வருவான் என்று தேடினேன். ஐந்தாமவனாகக் குற்றேவல் செய்துதான் வரவேண்டும். துரோணரோ அதற்கும் இடங்கொடுக்கவில்லை. அவர் அரண்மனை நியமித்த தனிவகுப்பு ஆசிரியர். வேடச் சிறுவனுக்கு வகுப்பை மறுத்தார். அவன் மண்ணுருவத்தின் முன்னிருந்து தானே கற்றுக்கொண்டபின், கட்டணத்தை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டார். வலக் கட்டைவிரலின் பெறுமதி என்னவென்பது ஏகலைவனுக்கு அடுத்தபடியாகக் கிற்றார் பழகுபவனுக்குத் தெரியும்.

இவ்விடத்தில் நம் மொழி செய்யும் ஒரு மயக்கத்தைக் கவனித்தல் நன்று. தனிவகுப்பு என்கிறோம்; தனியார் வகுப்பு என்கிறோம். இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். "தனியார்" என்பது உடைமையைப் பற்றிய சொல். அரசினதோ பொதுமக்களினதோ அல்லாதது என்று பொருள். "தனி" என்பதோ ஒருவரை ஒருவராகவே நோக்குவது. என் மாணவன் அன்று போய்க்கொண்டிருந்த ரியூட்டரியில் முந்நூறு பேர் வாங்குகளில் நெருங்கியிருக்க, ஆசிரியர் ஒலிபெருக்கியிற் பாடம் நடத்துகிறார். அது தனியாருடையது; ஆனால் அங்கே "தனி" ஏது? கடைசி வாங்கில் இருப்பவனின் பெயர்கூட ஆசிரியருக்குத் தெரியாது. பெற்றோர் கடன்பட்டுக் காசு கொடுப்பது பிள்ளைக்கு ஒருவருடைய கவனம் கிடைக்குமென்ற நம்பிக்கையில். கிடைப்பதோ இன்னொரு கூட்டம்.

தனியார் வகுப்பை எதிர்த்த நாம், அந்த எதிர்ப்பின் வேகத்திலே, "தனி" என்பதையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோமோ என்று எனக்கு ஐயமுண்டு. எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே கரும்பலகை, ஒரே வேகம். இதுவே சமத்துவம் என்று நம்பிவிட்டோம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தன் தோளிற் கைவைத்துத் திருத்த ஒருவர் கிடைக்கிறார். ஏழைப் பிள்ளைக்கு "வகுப்பு" என்ற ஒன்று மட்டும் கிடைக்கிறது. அவனுடைய குற்றம் வகுப்பின் சராசரிக் குற்றமாக இருந்தால் அது திருத்தப்படும். அவனுக்கே உரிய குற்றமாக இருந்தால் அது அவனோடேயே வளரும். மனிதன் மனிதனாக மதிக்கப்படவேண்டுமென்று போராடுகிறவர்கள், மதிப்பு என்பது பெரும்பாலும் ஒருவன் மீது செலவிடப்படும் நேரமே என்பதை மறந்துவிடலாகாது.

வேறு வழி இல்லையென்று சொல்வதற்கில்லை. சோருக்குப் பின் ஸ்பெயினிலே தோன்றிய பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பார்வையற்ற ஒருவரிடம் முதற்பாடம் கேட்டவர். பார்சலோனாவில் அவரிடம் பாடங்கேட்ட சிலருள் எமிலியோ புஹோல் ஒருவர். தாரெகா தாம் கற்பித்த முறையை நூலாக எழுதிவைக்கவில்லை. அதனை விளக்கிப் பல பாகங்களில் வெளியிட்டவர் புஹோல். அவரிடம் பாரிஸிற் படித்துத் திரும்பியவர் கியூபாவைச் சேர்ந்த ஐசாக் நிக்கோலா. நிக்கோலாவின் மாணவர் 1939இற் பிறந்த லியோ பிரௌவர். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வந்த அறிவு இது. 1959இற் கியூபாவிற் புரட்சி வென்றபின், அவ்வறிவு பொதுச்சொத்தாயிற்று. 1962இல் தேசியக் கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. கலைக்கல்விக்குக் கட்டணம் அறவிடப்படவில்லை. நிக்கோலாவின் வழிவந்த கற்பித்தல் முறை அரச இசைப்பள்ளிகளின் கிற்றார்ப் பாடத்திட்டத்துக்கு அடித்தளமாயிற்று.

இதில் என்னைக் கவர்ந்த அம்சம் ஒன்றுண்டு. அவர்கள் சமத்துவத்தின் பெயரால் ஐம்பது பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் இருத்தி ஒலிபெருக்கியிற் கிற்றார் கற்பிக்கவில்லை. கருவிப் பாடம் ஆசிரியரும் மாணவரும் நேருக்குநேர் அமர்ந்து பயிலும் பாடமாகவே நீடித்தது. செலவைப் பொதுமக்களின் திறைசேரி ஏற்றது. அந்த ஏற்பாட்டில் எல்லாம் பொன்னாக இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. பள்ளிகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. இசையறிவு குறைந்த பிள்ளை அங்கேயும் வெளியேதான் நின்றது. பவணந்தியாரின் ஆறாமவனுக்குக் கதவு அகலத் திறந்தது, மற்றவர்களுக்கு அப்படியல்ல. ஆயினும், காசு கேட்காத கதவு அது. பிரௌவர் 1960ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய எளிய பயிற்சிகளுள் முதலாவதை இப்பொழுது நான் பழகுகிறேன். அதிற் பாட்டைச் சுமப்பது கட்டைவிரல்தான். என் தோள் இன்னும் சில இடங்களில் உயர்கிறது.

நம் நாட்டிலும் அத்தகைய காலம் வரும்வரை என்ன செய்வது? அதுவரை கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதா? என் நண்பர்களுள் அவ்வாறு சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. அது அவர்களுக்குச் சார்பானதா எனக்குச் சார்பானதா என்பது எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

பரகுவே நாட்டவரான அகுஸ்தீன் பாரியோஸ் (1885–1944) இக்கருவிக்கு வாய்த்த மிகப்பெரிய இசைஞருள் ஒருவர். தென் அமெரிக்கா முழுவதும் அலைந்து திரிந்தபின், தம் இறுதி ஆண்டுகளை எல் சல்வடோரின் தலைநகரிலே கிற்றார் ஆசிரியராகக் கழித்தார். அந்நாட்டை 1931 முதல் 1944 வரை ஆண்டவர் ஜெனரல் ஹெர்னாண்டஸ் மார்த்தினெஸ். 1932இல் நிலமற்ற விவசாயிகளும் பழங்குடி மக்களும் கிளர்ந்தெழுந்தபோது, பல்லாயிரவரை அவருடைய படை சில வாரங்களிற் கொன்று குவித்தது. அப்படிப்பட்ட நாட்டில், ஒருநாள் பாரியோஸ் தம் வீட்டிலே மாணவர் ஒருவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கையில் யாரோ கதவைத் தட்டினார்களாம். வாசலில் ஒரு கிழவி. கடவுளின் பேரால் ஏதேனும் கொடுங்கள் என்று கையேந்தி நின்றாள். பாரியோஸின் இறுதிப் படைப்பு எனப்படும் இசைத்துண்டு அந்தத் தட்டலிலிருந்தே பிறந்ததென்பர். அதன் தலைப்பே அக்கிழவியின் இரப்புரைதான். மேல் தந்தியில் மூன்று விரல்கள் இடைவிடாது நடுங்கும் நாதத்தை எழுப்ப, கீழே அத்தட்டல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. சர்வாதிகாரி 1944 மே மாதத்தில் மக்களின் பொது வேலைநிறுத்தத்தினால் வீழ்ந்தார். பாரியோஸ் அவ்வாண்டு ஆகஸ்டில் இறந்தார்.

கிழவிக்கு அன்று என்ன கொடுக்கப்பட்டது? நான் இக்கதையைப் படித்த இடங்களில் எல்லாம் இசைத்துண்டின் அழகு பேசப்படுகிறது. அவளுடைய கையில் விழுந்த நாணயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கலையைப் பற்றி நாம் பேசும் முறையே அப்படி. அதற்காக, பாரியோஸ் அந்த வகுப்பை நடத்தாமலே இருந்திருக்கவேண்டும் என்று என்னாற் சொல்லமுடியவில்லை. மூடிய அறைக்குள்ளே ஒரு சுருதி பிழைத்தாலும் கேட்கும்படி செவியைப் பழக்கிக்கொண்டிருந்த ஒருவருக்குத்தான் அந்தத் தட்டல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டிருக்கிறது. ஆனால், கேட்டபின் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். அதை இசை செய்யாது, மனிதன்தான் செய்யவேண்டும்.

என் வாசலில் தட்டியவன் அந்தப் பத்தாந்தர மாணவன். நான் செய்தது பெரிய காரியம் எதுவுமன்று. இத்தவணை தொடங்கியதிலிருந்து, பாடசாலை விட்டபின் ஒரு பிள்ளையை இருபது நிமிடம் என்னருகில் இருத்திக்கொள்கிறேன். இடாப்பிலுள்ள வரிசைப்படி, நாளொன்றுக்கு ஒருவர். கெட்டிக்காரர், மந்தமானவர் என்ற தெரிவு இல்லை. சங்கத் தோழர் ஒருவர் இதனைக் கண்டித்தார். "அரசாங்கம் செய்யவேண்டியதை நீ இனாமாகச் செய்தால், வகுப்பில் பிள்ளைகளின் தொகையைக் குறைக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு என்ன வலு?" என்று கேட்டார். அவர் சொல்வதில் நியாயமுண்டு. அக்கோரிக்கை மனுவிலும் கையொப்பமிட்டேன். அது நிறைவேறும் நாளில் இந்தப் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போயிருப்பார்கள் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

எட்டாவதாக வந்தவள் ஒரு மாணவி. அவளுடைய கட்டுரைக் கொப்பியில் "வாக்கியம் முற்றுப்பெறவில்லை" என்று சிவப்பு மையினால் நான் எழுதியதை எண்ணிப் பார்த்தேன். ஒரே ஆண்டில் பதினேழு இடங்கள். அவளைத் தன் கட்டுரையை வாசிக்கச் சொன்னேன். தடையின்றி வாசித்தாள், எல்லா வாக்கியங்களும் முற்றுப்பெற்றிருந்தன. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தாளில் இல்லாத வினைமுற்றுகளை அவளுடைய வாய் தானாகவே நிரப்பிக்கொண்டு போயிருக்கிறது. அவள் தான் எழுதியதை வாசிக்கவில்லை, நினைத்ததை வாசித்திருக்கிறாள். கொப்பியின் மேல் விரலை வைத்து, அந்த விரல் தொடும் சொல்லை மட்டும் வாசிக்கும்படி சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தின் முடிவில் நின்றுவிட்டாள். விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். "சேர், இஞ்ச ஒண்டும் இல்லை" என்றாள்.

பஸ் தரிப்பிடத்திற் கேள்வி கேட்டவனின் பெயர் இடாப்பில் முப்பத்தொன்றாவது. இதுவரை பதினான்காம் பெயர்வரை வந்திருக்கிறேன். வாரத்தில் நான்கு நாட்கள்தான் இருக்க முடிகிறது; வியாழக்கிழமைகளில் எனக்கு வகுப்பு.